தேக்கிய மழையும் தேங்காத வெயிலும்: பலெர்மோவின் மின்சார வரலாறு

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் புகையில்லா மின்சாரத்தின் வரலாறு புவி வெப்பமடைதல் பற்றிய கவலையிலிருந்து தொடங்கவில்லை. சொந்தமாக நிலக்கரி இல்லாத ஒரு நாட்டின் தட்டுப்பாட்டிலிருந்து தொடங்கியது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை வளிமண்டலத்திலேயே பிடித்துவைத்துப் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு, மீத்தேன் முதலியவை இன்று பசுங்குடில் வாயுக்கள் எனப்படுகின்றன. அவற்றைக் குறைப்பதற்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்காமல் மின்சாரம் எடுப்பதே முதல் வழி என்பது இப்போது பள்ளிப் பாடத்திலும் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அந்தக் காரணம் எவர் மனத்திலும் தோன்றாத காலத்திலேயே, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பலெர்மோவுக்குத் தெற்கேயுள்ள மலைகளில் மழைநீரைத் தேக்கி நகரத்துக்கு விளக்கேற்றும் பணி நடந்தது. அந்தப் பணியைத் தொடர்ந்து வந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: சிசிலியில் தூய மின்சாரத்தை உண்டாக்குவது ஒருபோதும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை, ஒரு பருவத்தில் கிடைத்ததை இன்னொரு பருவத்துக்கு வைத்திருப்பதும், ஓரிடத்தில் கிடைத்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதுமே சிக்கலாக இருந்தன, இன்றும் இருக்கின்றன.

முதல் உலகப் போருக்கு முன்பு இத்தாலியின் ரயில்களும் ஆலைகளும் மின்நிலையங்களும் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியை நம்பியிருந்தன. போர்க்காலத்தில் கடல்வழி தடைப்பட்டு நிலக்கரியின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, மலையிலிருந்து விழும் நீரைச் சுழலிகளில் பாய்ச்சி மின்சாரம் எடுப்பது, அதாவது இத்தாலியர் அப்போது ‘வெள்ளை நிலக்கரி’ என்று பெயரிட்டிருந்த புனல் மின்சாரம், நாட்டின் உயிர்ப் பிரச்சினையாகவே கருதப்பட்டது. 1916 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட அரசாணை ஒன்று, ஆற்று நீரைப் பொதுச் சொத்தாகக் கொண்டு அதனைப் பயன்படுத்தும் உரிமையைக் குறித்த காலத்துக்கு நிறுவனங்களுக்கு வழங்கும் முறையை வகுத்தது. தென்னித்தாலியின் வறுமைக்கு மின்சாரமே மருந்து என்று நெடுங்காலமாக வாதிட்டுவந்த பொருளியல் அறிஞரும் பின்னாளைய பிரதமருமான பிரான்செஸ்கோ சவேரியோ நித்தி போன்றோரின் குரலும் இதே காலத்தில் ஓங்கியது.

எனினும் வட இத்தாலிக்குப் பொருந்திய முறை சிசிலிக்குப் பொருந்தவில்லை. ஆல்ப்ஸ் மலையில் பனி கோடையில் உருகுவதால் ஆறுகளில் வெயில் காலத்திலும் நீரோட்டம் இருக்கும். ஆற்றோரத்திலேயே சுழலியை வைத்து ஆண்டின் பெரும்பகுதியில் மின்சாரம் எடுக்கலாம். சிசிலியிலோ மழை அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்து, கோடையில் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடுகிறது. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் காணப்படும் காட்டாறுகளைப் போலவே அங்குள்ள ஆறுகள் சில வாரங்கள் கரைபுரண்டு ஓடிப் பின் கூழாங்கல் படுகைகளாகக் கிடக்கின்றன. எனவே அங்கே புனல் மின்சாரம் என்றால் முதலில் அணை, பிறகே சுழலி என்ற நிலை இருந்தது. இந்த உண்மையை அடித்தளமாகக் கொண்டு தென்னித்தாலிக்கும் தீவுகளுக்கும் நீர்த்தேக்கத் திட்டங்களை வகுத்தவர்களுள் பொறியாளர் ஆஞ்ஜெலோ ஒமோதெயோ முதன்மையானவர்; சார்தீனியாவில் தீர்சோ ஆற்றின் குறுக்கே 1920களில் எழுந்த பெரும் நீர்த்தேக்கம் அவர் பெயராலேயே ஒமோதெயோ ஏரி என்று வழங்குகிறது. சிசிலியில் அதே சிந்தனையை நிறுவன அளவில் நடத்திச் சென்றவர் எமிரிக்கோ விஸ்மாரா என்னும் பொறியாளர். சிசிலிப் பொது மின் நிறுவனம் என்று பொருள்படும் பெயர் கொண்ட தனியார் நிறுவனம், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் தலைமையில் தீவின் மின் வழங்கலைப் பெரும்பாலும் தன் கைக்குள் கொண்டுவந்தது.

பலெர்மோவுக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில், குமேத்தா, மகனோச்சே ஆகிய மலைகளுக்கு இடையேயுள்ள குறுகிய வாயிலில் வலது பெலிச்சே ஆற்றை மறித்து 1920க்கும் 1923க்கும் இடையில் கட்டப்பட்ட அணையே இந்த வரலாற்றின் மையம். அருகிலுள்ள ஊர் அப்போது பியானா தெய் கிரேச்சி என்று அழைக்கப்பட்டது. துருக்கியரின் படையெடுப்புக்கு அஞ்சி அல்பேனியாவிலிருந்து வந்து 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறியவர்களின் ஊரான அது, 1941 முதல் பியானா தெலி அல்பனேசி என்று பெயர் மாற்றப்பட்டது. இன்றும் அல்பேனிய மொழியையும் கிழக்கத்திய வழிபாட்டு முறையையும் காத்துவரும் அம்மக்கள், 1890களில் சிசிலி முழுதும் எழுந்த உழவர் சங்க இயக்கத்தில் மருத்துவர் நிக்கோலா பர்பாத்தோவின் தலைமையில் முன்னணியில் நின்றவர்கள். நிலத்துக்காகப் போராடிய ஊரின் சமவெளியில், ஒரு தலைமுறைக்குள் விளைநிலத்தின் ஒரு பகுதி தொலைவிலுள்ள நகரத்தின் விளக்குகளுக்காக நீருக்குள் போனது என்பதை அணையின் வரலாற்றை எழுதுவோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். அது இன்னும் விரிவாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

அணையின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. சாந்து இல்லாமல் பாறைகளை அடுக்கிக் கட்டி, நீரைத் தாங்கும் முகப்பில் மட்டும் கசிவைத் தடுக்கும் உறையிடும் முறையில் அது எழுப்பப்பட்டது. மூன்று கோடிக் கனமீட்டருக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கிவைக்கும் அளவுக்கு அதன் கொள்ளளவு அமைந்தது. சிசிலியின் தென்மேற்குக் கரையை நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த அந்த நீர், அணை கட்டப்பட்டபின் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே எதிர்த்திசையில் வடக்கே திருப்பப்பட்டு, பலெர்மோவை நோக்கிச் சரியும் பள்ளத்தாக்கிலுள்ள மின்நிலையங்களில் விழுந்து, பின்னர் நகரைச் சூழ்ந்த தோட்டங்களுக்குப் பாய்ந்தது. தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைச் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்குக் கொண்டுவந்த முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது; அங்கே பாசனம் முதலில் வந்தது, திருப்பப்பட்ட நீர் லோயர் கேம்பில் மின்சாரமானது இந்திய விடுதலைக்குப் பிறகே. பியானாவில் இந்த வரிசை தலைகீழானது: மின்சாரம் முதல் நோக்கம், பாசனம் அடுத்தது.

அந்த வரிசையே அடுத்த அரை நூற்றாண்டுப் பூசலுக்கும் வித்திட்டது. பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்குக் கோன்கா தோரோ, அதாவது பொற்கிண்ணம், என்று பெயர். அரபியர் ஆட்சிக் காலத்தில் வளர்ந்த பாசனக் கலையும், நிலத்தடிச் சுரங்கக் கால்வாய்களும், கல் தொட்டிகளும் அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைச் செழிக்கவைத்தன. 19ஆம் நூற்றாண்டில் எலுமிச்சை ஏற்றுமதி பெருகியபோது கிணற்று நீரும் ஊற்று நீரும் பொன்னுக்கு நிகரான விலை பெற்றன. முறை வைத்து நீர் பிரித்துவிடும் பணியாளர்களும் தோட்டக் காவலர்களும் வைத்திருந்த அதிகாரம், மாஃபியா என்னும் குற்றக் கூட்டத்தின் வளர்ச்சிக்கு முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. நீர்த்தேக்கத்திலிருந்து புதிய நீர் வந்தபோது கிணற்று உரிமையாளர்களின் ஏகபோகம் அச்சுறுத்தலுக்கு உள்ளானது. இதனுடன் பருவ முரண்பாடும் சேர்ந்தது: நாள் குறுகிய குளிர்கால மாலைகளில் விளக்குகளுக்காக நீரைத் திறந்துவிட மின் நிறுவனம் விரும்பியது, சூலை, ஆகஸ்டு மாதங்களுக்காக அதே நீரைச் சேர்த்துவைக்கத் தோட்டக்காரர் விரும்பினர். ஒரே நீர் இரண்டு பருவங்களுக்குச் சொந்தமாக முடியாது என்பதால், அணையின் மதகை யார் எப்போது திறப்பது என்பது பொறியியல் வினாவாக மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிசிலிக்குத் தன்னாட்சி கிடைத்தபோது, மின்சாரத்தைத் தனியார் நிறுவனத்தின் பிடியிலிருந்து மீட்கும் நோக்கத்துடன் 1947இல் சிசிலி மின்சார அமைப்பு என்னும் பொது நிறுவனம் உருவாக்கப்பட்டது. அது தீவின் உட்பகுதியில் ஆன்சிப்பா, போத்சில்லோ முதலிய பெரும் நீர்த்தேக்கங்களை 1950களில் எழுப்பியது. பலெர்மோ மாகாணத்தின் மேற்கில், பர்த்தினீக்கோவில் வாழ்ந்த சமூகச் சீர்திருத்தவாதி தனீலோ தோல்ச்சி, யாத்தோ ஆற்றில் அணை கட்ட வேண்டும் என்று கோரி உண்ணாநோன்பும் அறப்போராட்டமும் நடத்தினார். நீர் பொதுவானால் மாஃபியாவின் கை தளரும் என்பது அவர் கருத்து. 1960களில் எழுந்த அந்த அணை மின்சாரத்துக்கானதன்று, பாசனத்துக்கானது. ஆனால் பியானாவில் விடையின்றி நின்ற வினாவுக்கு உழவர் தரப்பிலிருந்து கிடைத்த தெளிவான பதிலாக அதனைக் கொள்ளலாம். 1962 திசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் இத்தாலியின் மின் நிறுவனங்கள் தேசியமயமாக்கப்பட்டு எனெல் என்னும் அரசு நிறுவனம் பிறந்தபோது, பியானா நீர்த்தேக்கமும் அதன் கைக்குச் சென்றது.

தேசியமயமான மின்சாரம் மேலும் தூய்மையாகவில்லை என்பது இந்த வரலாற்றின் வருத்தமான பகுதி. 1953இல் ராகூசாவிலும் 1956இல் ஜேலாவிலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும், அகூஸ்தாவைச் சுற்றிச் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகியதும், தீவின் பொருளாதாரத்தை எண்ணெயின் பக்கம் சாய்த்தன. பலெர்மோவுக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள தெர்மினி இமெரேசேயில் 1960களின் தொடக்கத்தில், சிசிலியில் பிறந்த இயற்பியலறிஞர் எத்தோரே மயோரானாவின் பெயரைத் தாங்கிய பெரிய அனல் மின்நிலையம் எழுந்தது. முதலில் எண்ணெயை எரித்த அது பின்னர் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அல்ஜீரியாவிலிருந்து துனிசியா வழியாகக் கடலடியில் வந்து மத்சாரா தெல் வல்லோவில் கரையேறும் எரிவாயுக் குழாய் 1983இல் இயங்கத் தொடங்கியபின், சிசிலி இத்தாலி முழுமைக்கும் எரிவாயுவின் வாயிலாயிற்று. ஒவ்வோர் எரிபொருளும் வளிமண்டலத்தில் ஏற்றும் சுமை வேறுபட்டது: பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சுரங்கம் முதல் மின்நிலையம் வரை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவுக்கு இணையான சுமையையும், எரிவாயு சுமார் 490 கிராமையும் ஏற்றுகின்றன, புனல் மின்சாரத்துக்கு அது சுமார் 24 கிராம், நிலத்திலுள்ள காற்றாலைக்கு சுமார் 11 கிராம் மட்டுமே. பியானாவில் 1923இல் தொடங்கிய வழியைவிட்டுத் தீவு எவ்வளவு விலகிச் சென்றது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

விலகிய வழிக்குத் திரும்புவதற்கான முதல் முயற்சி தீவின் கிழக்கே நடந்தது. ஜெனோவாவில் கண்ணாடிகளைக் கொண்டு வெயிலைக் குவித்து நீராவி எடுக்கும் ஆய்வுகளை 1960களில் நடத்திய ஜொவான்னி பிரான்சியாவின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பியச் சமூகத்தின் ஆதரவில், எத்னா எரிமலையின் அடிவாரத்து அத்ரானோவில் எவுரேலியோஸ் என்னும் சூரியக் கோபுர மின்நிலையம் கட்டப்பட்டு 1981இல் மின்வலையுடன் இணைக்கப்பட்டது. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் 182 பெருங்கண்ணாடிகள் கோபுர உச்சியிலிருந்த கொதிகலனில் ஒளியைக் குவிக்க, அங்கு எழும் நீராவி ஒரு மெகாவாட் திறனுள்ள சுழலியை இயக்கியது. மேகம் மறைத்தால் நீராவி தளர்ந்து சுழலி நின்றுவிடும் என்ற குறையைச் சிறிய சேமிப்புக் கலன் தீர்க்கவில்லை. 1987இல் நிலையம் மூடப்பட்டது. இதே குறைக்கு விடை தேடி, நோபல் பரிசு பெற்ற கார்லோ ருப்பியா இத்தாலிய எரிசக்தி ஆய்வு அமைப்பின் தலைவராக இருந்தபோது முன்வைத்த கருத்தின்படி, சிராகூசா அருகே பிரியோலோ கர்கால்லோவில் 2010 சூலையில் ஆர்க்கிமிதே மின்நிலையம் திறக்கப்பட்டது. உருகிய உப்பைச் சுமார் 550 பாகை செல்சியசு வரை சூடாக்கித் தொட்டியில் வைத்திருந்து, சூரியன் மறைந்தபின்னும் அதன் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது அதன் நோக்கம். ஐந்து மெகாவாட் திறன் கொண்ட மாதிரியாகவே அது நின்றது. ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் சூரியத் தகடுகளின் விலை அதே ஆண்டுகளில் மளமளவெனச் சரிந்ததால், வெயிலைச் சேமிக்கும் அரிய கலையைப் பெருக்குவதற்கு முதலீடு வரவில்லை. இது உண்மையான இழப்பு. மலிவாகக் கிடைத்த நண்பகல் மின்சாரம், மாலைக்கு என்ன செய்வது என்ற வினாவைத் தள்ளிப்போட்டதே தவிரத் தீர்க்கவில்லை.

அந்த வினாவுக்குரிய பழைய விடை பியானாவிலேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பியானா ஏரியை மேல் தேக்கமாகவும் அதற்குக் கீழே குவாதலாமி என்னுமிடத்தில் அமைத்த சிறு தேக்கத்தைக் கீழ்த் தேக்கமாகவும் கொண்டு சுமார் 80 மெகாவாட் திறனுள்ள நீரேற்றுப் புனல் மின்நிலையம் அமைக்கப்பட்டது. மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் கீழிருந்து நீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் அதே நீரைக் கீழே விழச்செய்து மின்சாரம் எடுப்பது இம்முறை. ஏற்றும்போது செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கோ சற்றுக் கூடுதலாகவோ திரும்பக் கிடைக்கும். ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுடன் இயங்கும் கடம்பாறை நீரேற்று நிலையத்தை அறிந்தவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. சிசிலியின் கிழக்கில் அனாப்போ நீரேற்று நிலையம் இன்னும் பெரிதாக, 500 மெகாவாட் திறனுடன் உள்ளது. இரவு நேர அனல் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கத் திட்டமிட்ட இந்தக் கட்டமைப்புகள், வெயிலும் காற்றும் பெருகிய இன்றைய காலத்திலேயே தங்கள் முழுப் பயனையும் காட்டக்கூடியவை.

காற்று, 2000களின் தொடக்கத்திலிருந்து பலெர்மோ மாகாணத்தின் மதோனியே மலைப்பகுதியில், ஸ்கிளாபானி பாஞ்ஞி, கல்தவுத்தூரோ போன்ற ஊர்களின் முகடுகளில் அறுவடையாகத் தொடங்கியது. அரசு மானியம் தாராளமாகக் கிடைத்த அந்த ஆண்டுகளில் குற்றப் பணமும் காற்றாலைகளில் நுழைந்தது. அல்காமோவைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவரிடமிருந்து சுமார் 130 கோடி யூரோ மதிப்புள்ள சொத்துகளை நீதிமன்றம் 2013இல் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. நீரை விற்ற கை காற்றையும் விற்க முனைந்தது என்பதால் காற்றாலையே பழிக்கப்பட வேண்டியதில்லை. உரிமம் யாருக்கு, எந்த விசாரணைக்குப் பின் கொடுக்கப்படுகிறது என்பதே கவனிக்கப்பட வேண்டியது. நேர்மையான வழியில் எவ்வளவு ஆதாயம் கிட்டும் என்பதற்குப் பர்த்தினீக்கோ, மொன்ரேயாலே எல்லையிலுள்ள காற்றாலைப் பண்ணை நல்ல சான்று: பழைய சிறு காற்றாலைகளை அகற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் பெரிய காற்றாலைகளை நிறுவியதால், அதன் திறன் சுமார் 16 மெகாவாட்டிலிருந்து 42 மெகாவாட்டாக உயர்ந்து, உற்பத்தி மும்மடங்குக்கும் மேலாயிற்று. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் 1990களில் நட்ட சிறு காற்றாலைகளைப் பற்றி நடக்கும் விவாதத்துக்கும் இது பயன்படும்.

உற்பத்தி பெருகியபின் தீவு என்ற நிலையே தடையாயிற்று. மெஸ்ஸீனா நீரிணையின் இரு கரையிலும் சுமார் 230 மீட்டர் உயரமான கோபுரங்களை நிறுத்தி, மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடந்து கம்பி இழுத்தது 1950களின் பொறியியல் சாதனை; எனினும் பல பத்தாண்டுகள் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே போதிய இணைப்பு இருக்கவில்லை. அதனால் இத்தாலிய மின்சந்தையில் சிசிலியின் விலை நெடுங்காலம் மற்ற மண்டலங்களைவிட உயர்ந்திருந்தது. பழைய அனல் மின்நிலையங்களைத் தீவு விடாமல் ஓட்ட வேண்டியிருந்தது. காற்று மிகுந்த நாள்களில் காற்றாலைகளை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. 2016 மே மாதத்தில் சிசிலியின் சொர்ஜெந்தேக்கும் நிலப்பகுதியிலுள்ள ரித்சிகோனிக்கும் இடையே 380 கிலோவோல்ட் இணைப்பு திறக்கப்பட்டபோது இந்த நெரிசல் கணிசமாகத் தளர்ந்தது. அதைவிடப் பெரிய பணி இப்போது பலெர்மோ மாகாணத்திலேயே நடந்துவருகிறது: மின்கடத்து நிறுவனமான தெர்னாவின் திர்ரேனிய இணைப்பு, மொத்தம் சுமார் 970 கிலோமீட்டர் நீளமும் 1,000 மெகாவாட் திறனும் கொண்ட கடலடி நேர்மின் வடம், கம்பானியாவிலிருந்து தெர்மினி இமெரேசே அருகே கரையேறி, அங்கிருந்து சார்தீனியாவுக்குச் செல்லும். சில இடங்களில் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் கீழே வடம் கிடக்கும். சார்தீனியாவின் நிலக்கரி மின்நிலையங்களை மூடுவது இந்த வடத்தைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புகை கக்கிய கடற்கரையே தூய மின்சாரம் பிரியும் சந்தியாக மாறுவது, பலெர்மோவின் மின்சார வரலாற்றில் 1923க்கு அடுத்த பெரிய திருப்பம் என்று துணிந்து சொல்லலாம்.

திருப்பம் தாமதமாகவே வருகிறது. 2021 ஆகஸ்டு 11 அன்று சிராகூசா அருகே பதிவான 48.8 பாகை செல்சியசு, ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பால் உறுதிசெய்யப்பட்டது. 2023 சூலையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெப்பநிலையைக் குறித்துவரும் பலெர்மோ வானாய்வகத்தில் 47 பாகை பதிவானது. நகரைச் சூழ்ந்த மலைகளில் தீ பரவியது. கத்தானியாவில் சாலைக்கடியில் புதைத்த மின்வடங்கள் வெப்பத்தில் பழுதுபட்டு, குளிரூட்டிகள் மிகுதியும் தேவைப்பட்ட நாள்களிலேயே மின்சாரம் நின்றது. 2024இல் மழை பொய்த்தது. மே மாதத்தில் இத்தாலிய அரசு சிசிலிக்கு வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. பியானா ஏரியின் கரைகள் வெடித்த சேறாகக் காட்சியளித்தன. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பலெர்மோவின் பல பகுதிகளுக்கு முறைவைத்தே குடிநீர் வழங்கப்பட்டது. ஏரியின் நீர் இப்போது முதலில் குடிநீர், பிறகு பாசனம், கடைசியாகவே மின்சாரம். எரிபொருள்களின் புகையால் மாறிய பருவநிலை, புகையில்லா மின்சாரத்தின் மிகப் பழைய ஊற்றையே முதலில் தாக்கியிருக்கிறது.

பலெர்மோ மாகாணத்தின் ஒரு பகுதி மட்டும் இந்த எல்லா மாற்றங்களுக்கும் வெளியே நிற்கிறது. நகரத்துக்கு வடக்கே கடலில் உள்ள உஸ்திக்கா என்னும் சிறு தீவுக்கு மின்வட இணைப்பே இல்லை. சுற்றுலாப் பருவத்தில் மக்கள்தொகை பன்மடங்காகும் அத்தீவுக்குக் கப்பலில் வரும் டீசலை எரிக்கும் உள்ளூர் நிலையமே பெரும்பாலான மின்சாரத்தை வழங்குகிறது. அதன் கூடுதல் செலவை இத்தாலி முழுவதுமுள்ள மின்நுகர்வோர் தங்கள் கட்டணத்தின் வழியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். இத்தகைய இணைப்பற்ற தீவுகளில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான இலக்குகளை 2017 பிப்ரவரி அரசாணை வகுத்தது. இயற்கைக் காப்புப் பகுதிகளுக்கும் பழமையான குடியிருப்புகளுக்கும் உரிய கட்டுப்பாடுகளுக்குள் தகடுகளையும் மின்கலங்களையும் எங்கே வைப்பது என்பது அங்கே தனியாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. வெயிலுக்குக் குறைவில்லாத அத்தீவில் டீசல் பொறிகள் இன்னும் ஓடுகின்றன. பகல் வெயிலை இரவுக்கு வைத்திருக்கும் கொள்ளளவு அங்கே அமையும் வரை அவற்றை நிறுத்த இயலாது.